தூக்கிப் போடச் சொன்ன ஆறு கணினிகள்

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு வரும் வாட்ஸ்அப் செய்திகளில் பாட்டு கேட்டு வருபவை குறைந்துவிட்டன. கணினித் திரையைப் படம் எடுத்து அனுப்பி, "இது என்ன மா?" என்று கேட்பவை கூடிவிட்டன. நான் வானொலி அறிவிப்பாளர். படித்தது ஊடகவியல். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினியோடு மல்லுக்கட்டியே பத்தாண்டு ஓடிவிட்டதால், சொந்தத்தில் யார் வீட்டுக் கணினி முரண்டு பிடித்தாலும் முதல் அழைப்பு எனக்குத்தான் வருகிறது.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் ஒரே வாசகம்தான் இருக்கும். இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைப் பார்த்ததும் நம்மவர்கள் கணினியே செத்துவிட்டதாக முடிவு கட்டிவிடுகிறார்கள். சில கடைகளிலும் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள். 2,000 ரிங்கிட் கொடுத்து இன்னொன்று வாங்குவதற்கு முன் அந்த வரிக்குக் கீழே இருக்கும் சின்ன எழுத்துகளை யாராவது படித்தார்களா என்றால், அதுதான் இல்லை.

கிள்ளானில் ஒரு தாமானில், ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வாரம் மூன்று மாலை இலவச டியூஷன் நடத்துகிறார். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளைகள்தான் அதிகம். சிலர் வீட்டில் கைப்பேசி தவிர வேறு எதுவும் கிடையாது. ஓர் அலுவலகம் தன் பழைய கணினிகளில் ஆறை அவருக்குக் கொடுத்தது. நான்கு மேசைக் கணினிகள், இரண்டு மடிக்கணினிகள். அலுவலகக் கோப்புகளை எல்லாம் அழித்துவிட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். ஆசிரியர் அவற்றைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஒரு கடைக்குப் போனார். ஆறிலும் விண்டோஸ் 11 நிறுவலைத் தொடங்கிப் பார்த்தார்கள், ஆறும் நின்றுவிட்டன.

"எல்லாம் பழசாம் மா. தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ரெண்டு வாங்குங்கன்னு சொல்றாங்க" என்றார் தொலைபேசியில்.

"ஐயா, ஒவ்வொண்ணுலயும் கடைசியா என்ன எழுதியிருந்துச்சுன்னு பார்த்தீங்களா?"

ஆசிரியர் அல்லவா. பார்த்ததோடு நிற்கவில்லை, பயிற்சிப் புத்தகத்தில் ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டு, ஒவ்வொரு கணினியும் சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதி வைத்திருந்தார். அந்த ஒரு பக்கத்தைப் படித்ததுமே பாதி வேலை முடிந்துவிட்டது. ஏனென்றால் ஆறும் ஒரே காரணத்துக்காக நிற்கவில்லை. கணினியில் இருக்கும் ஒன்று அணைந்து கிடப்பது ஒரு வகை. நிறுவும் மென்பொருளுக்குக் கணினியின் ஒரு பாகத்தை அடையாளம் தெரியாதது இன்னொரு வகை. பாகம் உண்மையிலேயே பழையதாகிப் போனது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு மட்டும்தான் பணம் செலவாக வாய்ப்பு உண்டு, அதிலும் எப்போதும் இல்லை.

முதல் இரண்டு கணினிகளும் டி.பி.எம். 2.0 இல்லை என்றன. டி.பி.எம். என்பது கணினிக்குள் இருக்கும் ஒரு சிறிய பெட்டகம். வட்டைப் பூட்டும் சாவி போன்ற இரகசியங்களை அது தனியே வைத்துக்கொள்ளும். கணினி தொடங்கும் வழியில் யாராவது கைவைத்தார்களா என்பதைக் கண்டுபிடிக்கவும் அது உதவும். விண்டோஸ் 11 இதைக் கட்டாயம் ஆக்கியபோது கடைகளில் தனி டி.பி.எம். சில்லைத் தேடி அலைந்தவர்கள் உண்டு. தேவையே இல்லை. கடந்த ஏழெட்டு ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கணினிகளில் அது செயலிக்குள்ளேயே இருக்கிறது. பல மதர்போர்டுகளில் அணைத்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். பெயரும் டி.பி.எம். என்று இருக்காது. இன்டெல் கணினியில் பி.டி.டி. என்றும், ஏ.எம்.டி. கணினியில் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும். பெயர் வேறாக இருப்பதால்தான் பலர் பயாஸுக்குள் போயும் காணாமல் திரும்பிவிடுகிறார்கள்.

கணினியைத் தொடங்கும்போது எஃப் 2, எஃப் 10 அல்லது டெலீட் பொத்தானைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். எந்தப் பொத்தான் என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது. செக்யூரிட்டி அல்லது அட்வான்ஸ்ட் என்ற பகுதிக்குள் பி.டி.டி.யைத் தேடி இயக்கிவிட்டு, சேமித்து வெளியே வந்தால் போதும். ஆசிரியரின் முதல் இரண்டு கணினிகளும் பத்து நிமிடத்தில் சரியாகின. செலவு என்று பார்த்தால் எனக்குக் கொடுத்த தே தாரிக் மட்டும்தான்.

உங்கள் வீட்டுக் கணினியில் இதைச் செய்வதாக இருந்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே செய்துகொள்ளுங்கள். பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு உங்களுக்குத் தெரியாமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால் அது சந்தேகப்பட்டு, அடுத்த முறை 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி பொதுவாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கைப்பேசியில் அந்தக் கணக்குக்குள் நுழைந்து, சாவி இருப்பதைப் பார்த்து, காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு பயாஸைத் தொடுங்கள். சாவி கிடைக்கவில்லை என்றால் குடும்பப் படங்கள் எல்லாம் அந்த வட்டுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளும். எந்தக் கடைக்காரராலும் திறந்து கொடுக்க முடியாது.

மூன்றாவது கணினி சொன்னது வேறு. தேர்ந்தெடுத்த வட்டில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, அதில் நிறுவ முடியாது என்றது. வட்டில் எந்தப் பகுதி எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் முறையில் இரண்டு வகை உண்டு. பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. கணினி யூ.இ.எஃப்.ஐ. என்ற புதிய முறையில் தொடங்கினால் விண்டோஸை ஜி.பி.டி. வட்டில்தான் நிறுவ முடியும். இந்தக் கணினியில் காப்பாற்ற வேண்டிய கோப்பு எதுவும் இல்லாததால், நிறுவும் திரையிலேயே வட்டின் எல்லாப் பகுதிகளையும் அழித்துவிட்டு, காலி இடத்தில் நிறுவச் சொன்னோம். ஜி.பி.டி.யை அது தானே அமைத்துக்கொண்டது. உங்கள் வட்டில் கோப்புகள் இருந்தால் அப்படி அழிக்கக் கூடாது. விண்டோஸ் 10-இலேயே எம்.பி.ஆர். 2 ஜி.பி.டி. என்று ஒரு கருவி இருக்கிறது. அது கோப்புகளை அழிக்காமல் அட்டவணையை மட்டும் மாற்றும். மாற்றிய பிறகு பயாஸில் லெகசி என்பதை யூ.இ.எஃப்.ஐ. ஆக்க வேண்டும். வரிசை மாறினால் கணினி தொடங்காது. அழிக்காது என்று சொன்னாலும், வெளி வட்டில் ஒரு நகல் எடுத்து வைத்த பிறகுதான் நான் இதைத் தொடுவேன்.

நான்காவது தான் என்னைச் சிரிக்க வைத்தது. ஆறில் அதுதான் மிகப் புதியது. இன்டெல் 11-ஆம் தலைமுறைச் செயலி உள்ள மடிக்கணினி. அதையும் பழசு என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அது காட்டிய வாசகம், வட்டு எதுவும் கிடைக்கவில்லை என்பது. "ஹார்டிஸ்க் போயிருச்சாம்" என்று ஆசிரியர் பக்கத்தில் எழுதியிருந்தார், கடையில் சொன்னதை.

வட்டு போகவில்லை. 11-ஆம் தலைமுறை முதல் பல இன்டெல் மடிக்கணினிகளில் எஸ்.எஸ்.டி. வட்டுக்கும் விண்டோஸுக்கும் நடுவே வி.எம்.டி. என்ற ஒரு கட்டுப்பாட்டுப் பகுதி இருக்கிறது. அதோடு பேசத் தெரிந்த டிரைவர் நிறுவும் பென்டிரைவில் இல்லை என்றால், அதற்கு அப்பால் இருக்கும் வட்டு கண்ணுக்கே தெரியாது. கணினி பழையதாக இருப்பதால் வரும் சிக்கல் அல்ல இது. பாகம் புதியது, நிறுவும் மென்பொருளுக்கு அது அறிமுகம் ஆகவில்லை.

இது இன்று தோன்றிய வழக்கமும் அல்ல. 2015-இல் இன்டெல் 6-ஆம் தலைமுறை வந்தபோது அதில் விண்டோஸ் 7 போட முயன்றவர்களுக்கு நினைவிருக்கும். நிறுவும் திரை அழகாக வரும். வந்தவுடன் மவுஸும் விசைப்பலகையும் உறைந்துபோகும். 2009-இல் வந்த விண்டோஸ் 7-க்கு யூ.எஸ்.பி. 3 என்றால் என்ன என்று தெரியாது. இரண்டுமே கடையிலிருந்து வந்த புத்தம் புதுப் பொருளாக இருந்தாலும் ஒன்றுக்கொன்று மொழி புரியாது.

இதற்கு வழி, மடிக்கணினித் தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து இன்டெல் ஆர்.எஸ்.டி. என்ற டிரைவரைப் பதிவிறக்குவது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பதிவிறக்கிய கோப்பை அப்படியே பென்டிரைவில் போட்டால் நிறுவும் திரை அதைப் பார்க்காது. வேறொரு கணினியில் வைத்து உள்ளே இருக்கும் கோப்புகளைப் பிரித்தெடுத்து, அந்த உறையை பென்டிரைவில் போட வேண்டும். பிறகு நிறுவும் திரையில் லோட் டிரைவர் என்பதை அழுத்தி அந்த உறையைக் காட்டினால், இல்லாத வட்டு திடீரென்று தோன்றும். அதே நேரத்தில் வைஃபை டிரைவரையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த படியில் விண்டோஸ் 11 இணையத்தைக் கேட்கும், அப்போது வைஃபையும் தெரியாமல் போகலாம்.

வி.எம்.டி.யைப் பயாஸிலேயே அணைத்துவிடலாம் என்றும் சிலர் சொல்வார்கள். காலி வட்டு என்றால் சரி. ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அணைத்தால், இருக்கும் விண்டோஸும் தொடங்காமல் நீலத் திரை காட்டலாம். பதறாமல் மறுபடி இயக்கினால் பழையபடி வந்துவிடும்.

இப்போது ஐந்தும் ஆறும். ஐந்தாவது ஒரு மேசைக் கணினி, உள்ளே ஐ5-6500. ஆறாவது 2018-இல் வாங்கிய மடிக்கணினி, ஆனால் உள்ளே 7-ஆம் தலைமுறைச் செயலி. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியல் இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்தும், ஏ.எம்.டி.யில் ரைசன் 2000 வரிசையிலிருந்தும்தான் ஏறக்குறைய தொடங்குகிறது. விதிவிலக்குகள் மிகச் சில. வாங்கிய ஆண்டை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 8-ஆம் தலைமுறை 2017-இலேயே வந்துவிட்டது, 7-ஆம் தலைமுறையும் அதற்குப் பிறகும் கடைகளில் விற்றுக்கொண்டுதான் இருந்தது. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 7200 என்றால் ஏழு, 8250 என்றால் எட்டு, 10210 என்றால் பத்து.

டி.பி.எம். இருந்தும், வேகம் இருந்தும், இந்தப் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காகவே நன்றாக ஓடும் கணினிகள் வெளியே நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2021-இல் சொன்ன காரணம், தகுதி பெறாத கணினிகளில் விண்டோஸின் அடிப்படையே குலைந்து நிற்கும் கோளாறுகள் 52 விழுக்காடு அதிகமாக வந்தன என்பது. காரணம் இருக்கலாம். ஆனாலும் டியூஷன் பிள்ளைகளுக்குப் போதுமான ஒரு கணினி குப்பைக்குப் போவதை என்னால் எளிதாக ஏற்க முடியவில்லை.

தடையைத் தாண்டிப் போடும் வழிகள் உண்டு என்பது யூடியூப் பார்ப்பவர்களுக்குத் தெரியும். ரூஃபஸ் என்ற மென்பொருளில் இரண்டு குறி போட்டால் டி.பி.எம். சோதனையைத் தவிர்த்துவிடலாம். தம்பி, தங்கைகள் விளையாட்டுக்காகப் போட்டுப் பார்த்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் பார்க்கும் கணினியில் நான் அதைச் செய்ய மாட்டேன். அப்படிப்பட்ட கணினிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024-இல் வந்த 24எச்2 பதிப்பு, செயலிக்குள் சில கட்டளைகள் இல்லாத மிகப் பழைய கணினிகளில் தொடங்கவே மறுத்தது. கோர் 2 டுவோ காலத்துக் கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஓட்டிக்கொண்டிருந்தவர்களின் கதை அத்தோடு முடிந்தது.

ஐந்துக்கும் ஆறுக்கும் லினக்ஸ் மிண்ட் போட்டோம். 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வட்டு இடமும் இருந்தாலே அது ஓடும், 4 ஜி.பி. இருந்தால் வசதி. நிறுவுவதற்கு முன்பே பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம் என்பது எனக்குப் பிடித்த அம்சம். வட்டில் எதையும் தொடாமல் ஒலி வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, அச்சு இயந்திரம் பேசுகிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். வன்பொருள் ஒத்துவருமா என்ற கேள்விக்குப் பதிலை முதலிலேயே தரும் நிறுவல் இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. ஐந்தாவதில் சொருகியிருந்த மலிவு விலை யூ.எஸ்.பி. வைஃபை வேலை செய்யவில்லை. என் கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியில் இணைத்து, டெதரிங்கை இயக்கி, அந்த இணையத்தில் டிரைவரை இறக்கிக்கொண்டோம்.

"இதுல டெலிமா வருமா டீச்சர்?" என்று படிவம் நான்கு மாணவி ஒருவர் கேட்டார். எனக்கு டீச்சர் பட்டம் கிடைத்தது அன்றுதான். கல்வி அமைச்சின் டெலிமா தளம் உலாவியில் திறப்பது. கேன்வாவும் அப்படியே, கூகல் டாக்ஸும் அப்படியே. அந்தப் பிள்ளைகளின் வேலைக்கு உலாவி ஒன்று இருந்தால் போதும். அடுத்த கேள்வி விளையாட்டைப் பற்றி இருந்தது, ஆசிரியர் முறைத்ததில் அது பாதியில் நின்றுபோனது. ஆனால் எல்லாருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். விண்டோஸில் மட்டும் ஓடும் கணக்கு மென்பொருளை வைத்துக் கடை நடத்துகிறவர்களுக்கு லினக்ஸ் தலைவலியாகத்தான் முடியும். அவர்கள் விண்டோஸ் 10-இலேயே இருந்துகொண்டு, 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும் நீட்டிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொள்ளலாம். அமைப்புகள் பகுதியில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். கட்டணம் 30 அமெரிக்க டாலர். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் அதுவும் இல்லை. புதியது வாங்கப் பணம் சேர்க்க அவகாசம் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை சொன்னது எல்லாம் தொடங்கும் முன்பே நின்றுபோகும் நிறுவல்களைப் பற்றி. பாதி தூரம் போய், இரண்டு முறை அணைந்து எழுந்து, பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடும் நிறுவலும் உண்டு. என் வீட்டுக் கணினி அதைத்தான் செய்தது. எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் சைபர்-எக்ஸ்-சி-1900101 என்று எண்ணைக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனது. இந்த வரிசையில் வரும் எண் பெரும்பாலும் டிரைவர் ஒன்றைத்தான் குற்றம் சாட்டும். வீட்டில் குரல் பதிவுக்காக நான் வைத்திருந்த பழைய ஒலிக் கருவியின் டிரைவர்தான் காரணம். அதைத் தயாரித்தவர்கள் புதிய டிரைவர் எழுதுவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். கம்பியைக் கழற்றினால் மட்டும் போதவில்லை, டிரைவரையும் நீக்க வேண்டியிருந்தது. நீக்கியதும் நிறுவல் தடங்கல் இல்லாமல் முடிந்தது. நீங்களும் மேம்படுத்தும் முன் அச்சு இயந்திரம், வெளி வட்டு, ஸ்கேனர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அந்த எண் 80070070 என்று முடிந்தால் வட்டில் இடம் இல்லை என்று பொருள். அதற்கு டிரைவரைத் தேடி அலைய வேண்டாம், பழைய படங்களை வேறு இடத்துக்கு மாற்றினால் போதும்.

கடைக்குக் கொண்டுபோவது தவறு என்று நான் சொல்லவில்லை. லோ யாட்டிலும் மற்ற இடங்களிலும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள், பயாஸைத் தொடப் பயமாக இருந்தால் அவர்களிடம் கொடுப்பதுதான் சரி. கொடுக்கும்போது "விண்டோஸ் ஏறல" என்று மட்டும் சொல்லாமல், திரையில் வந்த வாசகத்தின் படத்தையும் செயலியின் எண்ணையும் காட்டுங்கள். டி.பி.எம். அணைந்திருக்கிறதா, வட்டு எம்.பி.ஆரா, வி.எம்.டி. டிரைவர் வேண்டுமா என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்வியைக் கேட்டவரிடம் "எல்லாம் பழசு" என்று சொல்லிவிடுவது அவ்வளவு சுலபம் இல்லை.

உண்மையிலேயே முடிந்துபோன கணினியாக இருந்தால் மட்டும், வீட்டுக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவு நம் நாட்டில் எஸ்.டபிள்யூ. 110 என்ற எண்ணில் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற மையங்கள் அதை வாங்கிக்கொள்கின்றன. கொடுக்கும் முன் பின்பக்க மூடியைத் திறந்து வட்டைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் இருந்தால் 40, 50 ரிங்கிட்டுக்கு ஓர் உறை வாங்கிப் போட்டு, வெளி வட்டாக இன்னும் சில காலம் ஓட்டலாம்.